ரயில் மேட்டுக்கு ஒரு டப்பா: எங்கள் ஊர்க் கிராம சபைக்குத் திறந்த மடல்

கிராம சபையில் கூடப்போகும் பெரியவர்களுக்கும், அக்கா அண்ணன்மாருக்கும், ஊராட்சி செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

அக்டோபர் 2 கூட்டத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லி நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருக்கிறோம். மனு என்றால் "பொருள்", "பார்வை" என்று ஆரம்பித்து, கடைசியில் என்ன கேட்கிறோம் என்பது எழுதியவனுக்கே மறந்துபோகும். அதனால்தான் இந்த மடலைத் தனியாக எழுதுகிறோம். டீக்கடையில் யாராவது உரக்கப் படித்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி.

கேட்பது இரண்டு. பூட்டிக் கிடக்கும் நம் ஊர் நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டில் புதிர் விளையாட்டுக்காகச் சின்ன டப்பா ஒன்று வைக்க அனுமதி வேண்டும். அந்தக் காலத்துக் குட்டி ரயில் ஓடிய ரயில் மேட்டில் மிச்சம் இருக்கிற கல் பாலத்தில் இனி ஒரு கல்லையும் யாரும் எடுப்பதில்லை என்று ஊர் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறோம். போன மாதம் முழுக்க நாங்கள் கையில் போனை வைத்துக்கொண்டு கொல்லைக்கும் ஓடைக்கும் நடுவில் குனிந்து நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தவர்கள் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறீர்கள். ஒன்று, புதையல் தேடுகிறார்கள். இன்னொன்று, புது ரயில் பாதைக்கு நிலம் அளக்கிறார்கள். முதல் பேச்சுக்குச் சிரித்தோம். இரண்டாவதற்குச் சிரிக்க முடியவில்லை. மொரப்பூர்–தருமபுரி புதுப் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பக்கம் பட்டா வைத்திருக்கிற ஒவ்வொருவர் வயிற்றிலும் என்ன இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் வீடுகளிலும் அதே பேச்சுதான். நாங்கள் அளந்தது யாருடைய நிலத்தையும் இல்லை. அந்தக் காலத்து ரயில் எந்த வழியாக வளைந்து போனது என்று குறித்துக்கொண்டிருந்தோம். அந்தக் குறிப்பு எந்த அலுவலகத்துக்கும் போகாது. வேண்டுமென்றால் கூட்டத்தில் விரித்துக் காட்டுகிறோம்.

புதையல் என்றீர்களே, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உலகம் முழுக்க ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு நடக்கிறது. ஒருவர் எங்காவது ஒரு டப்பாவை வைப்பார். அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடி வருவார்கள். உள்ளே ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கும். பெயர் எழுதிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. தங்கமும் இல்லை, தகடும் இல்லை. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்து எண்களை வெளியிட்டார். அந்த வாளிக்குள் ஒரு கவணும் ஒரு டப்பா பீன்ஸும்கூட இருந்தன. புதையலின் மதிப்பு எப்போதும் அந்த ரகம்தான்.

நாங்கள் வைக்க நினைப்பது இதில் புதிர் வகை. வெளியிடுகிற எண்கள் டப்பா இருக்கும் இடத்தைக் காட்டாது. புதிரை விடுவித்தால்தான் சரியான எண்கள் கிடைக்கும். அசல் இடம், வெளியிட்ட இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்பன விதிகள். சம்மதம் கேட்டுத்தான் இந்த மடல். எங்கள் புதிரின் பொருள் நம் ஊர் வழியாகப் போய், நம் தாத்தாக்கள் காலத்திலேயே காணாமல் போன ரயில்.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு ரயில் மேடு தெரியும், ரயில் தெரியாது.

மொரப்பூர் வழியாகப் போகிற சென்னை–சேலம் அகலப் பாதை 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. தருமபுரிக்கு வரவில்லை. அப்புறம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. அன்றைக்கு நாம் சேலம் ஜில்லா. 1871 கணக்கெடுப்பில் இருந்த ஜனத்தொகையைவிட 1881இல் ஜில்லாவில் சில லட்சம் பேர் குறைவு. தானியம் ரயிலடி வரைக்கும் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் உள்ளூருக்குப் போவதற்குள் மாடும் தீவனமில்லாமல் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை ராஜதானி முழுக்கப் பார்த்தார்கள். 1880இல் பஞ்சக் கமிஷன், பஞ்சம் பிடிக்கிற வறண்ட பகுதிகளுக்கு ரயில் போட வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் நமக்கு வந்தவைதான் இரண்டு குட்டிப் பாதைகள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905இல் திறந்தது. மொரப்பூர்–தருமபுரி 1906இல் திறந்தது. 1913இல் தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீட்டினார்கள். பஞ்சம் தீர்ந்து முப்பது வருஷம் ஆகப்போகும்போது வந்த பஞ்ச ரயில். அரசாங்கக் கோப்பு நகரும் வேகம் அப்போதும் இதுதான் போலிருக்கிறது.

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடிதான். அதாவது 762 மில்லிமீட்டர். ஒரு கட்டிலை நெடுக்கில் போட்டால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செலவைக் குறைக்க அப்படிச் செய்தார்கள். மேடு குறைவாகப் போட்டால் போதும், வளைவைச் சின்னதாக்கலாம், பாலத்துக்குக் கல்லும் குறைவு. ஆனால் அகலப் பாதையின் இடைவெளி ஐந்தரை அடி. இந்த வண்டி அந்தப் பாதையில் ஏறாது, அந்த வண்டி இதில் இறங்காது. அதனால் சென்னையிலிருந்து தருமபுரிக்கு வருகிற ஒவ்வொரு மூட்டையும், தருமபுரியிலிருந்து போகிற ஒவ்வொரு மூட்டையும் மொரப்பூரில் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏற வேண்டும். ஏற்றி இறக்க ஆள் வேண்டும். இதை வைத்து நாங்கள் கட்டிய விடுகதை ஒன்று புதிரின் முதல் படி:

அண்ணன் இடுப்பு அறுபத்தாறு, தம்பி இடுப்பு முப்பது.
அண்ணன் சுமையைத் தம்பி வாங்குவான், தம்பி சுமையை அண்ணன் வாங்குவான்.
அண்ணனுக்கும் வலிக்கல, தம்பிக்கும் வலிக்கல, நடுவுல முதுகு வலிச்சவன் யாரு?

விடையைச் சொல்லிவிட்டோம், பரவாயில்லை. மூட்டை தூக்கியவர். இடுப்பு அளவு அங்குலத்தில். இரண்டையும் கழித்தால் 36, சரியாக ஒரு கஜம். புதிதாகப் போடப்போகிற பாதையின் நீளமும் 36 கிலோமீட்டர். இப்படித் தானாக வந்து விழுகிற பொருத்தம் புதிர் போடுகிறவனுக்குக் கிடைத்தால் விடமாட்டான். நாங்களும் விடவில்லை.

பஸ்ஸும் லாரியும் வந்தபிறகு இந்த ரயிலுக்கு வருமானம் இல்லாமல் போனது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குள் இரண்டு குட்டிப் பாதைகளையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அப்புறம் 1960களில் சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை வரும்வரை தருமபுரிக்கு ரயிலே இல்லை. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை இல்லை. அந்த ஊர்க்காரர்கள் முன்னால் ரயில் பேச்சை எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறோம். தருமபுரியில் இன்றைக்கும் சென்னைக்குப் போகிறவர்கள் பஸ் பிடித்து மொரப்பூர் வந்துதான் பாதிப் பேர் வண்டி ஏறுகிறார்கள். அன்றைக்கு மூட்டை மாறிய இடத்தில் இன்றைக்கு மனுஷன் மாறுகிறான்.

இப்போது கல் பாலத்துக்கு வருகிறோம். ஓடை ரயில் மேட்டைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் இருக்கிறதே, அதுதான். பெரிய பாலம் ஒன்றும் இல்லை. குனிந்தால் அடியில் நுழையலாம். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், மேலே நீளப் பலகைக் கல். உளி விழுந்த தடம் ஒவ்வொரு கல்லிலும் சாய்வாக, ஒரே திசையில் இருக்கிறது. மழை விழாத உள்பக்கத்தில் நேற்று அடித்ததுபோல் கூர்மையாக இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசிய சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினால் வருவதில்லை. மேற்குச் சுவரில் மூன்றாவது வரிசையில் ஒரு கல் இல்லை. அது எந்த வீட்டு வாசற்படியாக இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், அந்த வீட்டில் மோரும் குடித்திருக்கிறோம். பெயர் சொல்லப்போவதில்லை. அந்தக் கல் அங்கேயே கிடக்கட்டும்.

எங்கள் கவலை அடுத்த கல்லைப் பற்றி. இந்த மாவட்டத்தில் எத்தனை நடுகற்கள் மண்ணுக்கு மேலே நிற்கின்றன என்று பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்டவை நிறைய உண்டு. அவற்றைப் பிழைக்க வைத்தது தொல்லியல் துறை மட்டும் இல்லை. துறை வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே நம் ஆட்கள் வேடியப்பன் என்று கும்பிட்டு, எண்ணெய் தேய்த்து, வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்தார்கள். கும்பிட்ட கல்லை யாரும் படிக்கட்டுக்கு எடுக்கமாட்டார்கள். ரயில் பாலத்துக்குப் பொங்கல் வைக்க முடியாது. நூறு வருஷம் சொச்சம்தான் வயசு, கோயிலும் இல்லை, கல்வெட்டும் இல்லை, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை வைக்க எந்தத் துறையும் வராது. அப்படியென்றால் அதைப் பார்க்க, எண்ண, ஏதோ ஒரு காரணத்துக்காக ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். டப்பா அந்தக் காரணம்.

எப்படி என்றால், புதிரின் ஒரு விடை அந்தப் பாலத்தின் கல் எண்ணிக்கையில் இருக்கிறது. கிழக்குச் சுவரில் எத்தனை, மேற்குச் சுவரில் எத்தனை, மேலே எத்தனை பலகை. காணாமல் போன அந்த ஒன்றைக் கழித்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம். இனி ஒரு கல் போனாலும் விடை தப்பாகிவிடும். வந்தவர் டப்பா கிடைக்காமல், ஒரு கல்லைக் காணோமே என்று இணையத்தில் எழுதுவார். பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் நம் ஊர்ப் பாலத்துக்குக் கணக்குக் கேட்பார். எங்களைக் கேட்டால், காவலுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது.

இன்னொரு விடை ஆண்டில் இருக்கிறது. இந்த எண்களில் நிமிடம் என்று வருகிற பகுதியை ஆயிரமாகப் பிரித்து மூன்று இலக்கத்தில் எழுதுவார்கள். வடக்கு தெற்காகப் பார்த்தால் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். மூன்றில் முதல் இலக்கம் ஒன்று மாறினால் 185 மீட்டர். அந்த இலக்கத்தை நம் ரயில் திறந்த ஆண்டின் கடைசி எண்ணிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறோம். கிருஷ்ணகிரிப் பாதையின் 1905ஐயும் நம் 1906ஐயும் குழப்பிக்கொள்கிறவர் நேராக ஏரிக்கரைச் சேற்றில் போய் நிற்பார். இது வேண்டுமென்றே செய்ததுதான். படிக்காமல் வருகிறவருக்குக் கொஞ்சம் சேறு ஒட்டினால் தப்பில்லை. சரியாகக் கண்டுபிடிக்கிறவருக்கு அந்த எண்கள் நூலகத்தின் வாசலைக் காட்டும். உள்ளே இருக்கிற டப்பாவுக்கு நம்பர் பூட்டு. அதைத் திறக்க 1965 தொடர்பான ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 2இல்தான் தருமபுரி தனி மாவட்டமானது. நம் கூட்டம் நடப்பதும் அதே நாளில் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

ஏன் நூலகம் என்று சிலர் கேட்டீர்கள், புளியமரப் பொந்தில் வைத்தால் போதாதா என்று. போதாது. யாரோ வெளியூர்க்காரர் பொந்துக்குள் கைவிட்டுத் தேடுவதை ஒரு பாட்டி பார்த்தால் அடுத்த பத்து நிமிஷத்தில் நூறுக்குப் போன் போகும். பூட்டிய டப்பா ஒன்று அனாதையாகக் கிடந்தால் போலீஸ் அதை டப்பாவாகப் பார்க்காது, பார்க்கவும் கூடாது. அதனால்தான் நான்கு சுவருக்குள், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், மேலே தமிழில் எழுதி ஒட்டி வைக்கிறோம். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுப்போம். இன்னொன்று, ஓடுகிற ரயில் பாதைப் பக்கம் யாரும் போகவே வேண்டியதில்லாத மாதிரிதான் புதிரை அமைத்திருக்கிறோம். மொரப்பூர் ஸ்டேஷனில் பார்க்க வேண்டியது எல்லாம் நடைமேடையிலிருந்தே தெரியும், பிளாட்பார டிக்கெட் எடுத்தால் போதும். தண்டவாளத்தில் அத்துமீறி இறங்குவது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியே கூட்டிப்போவோம்.

நூலகத்தைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு, ஒளிக்கவில்லை. அது திறந்தால் தேவலை. கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் புத்தகக் கட்டுகள் பிரிக்காமலேயே தெரிகின்றன. சனி, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் திறந்தால் போதும். நாங்களே முறை வைத்து உட்கார்கிறோம், சம்பளம் வேண்டாம். டப்பா தேடி மாதத்துக்கு நாலு பேர் வந்தாலே பெரிய விஷயம். ஆனால் கதவு திறந்திருந்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் தினம் நாற்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

புதுப் பாதை வேலை நம் பக்கம் தொடங்கும்போது பழைய மேட்டில் எது இருக்கும், எது போகும் என்பது நம் கையில் இல்லை. நிலம் எடுப்பது, இழப்பீடு இதெல்லாம் வேறு பேச்சு. அதற்கு வேறு மனு இருக்கிறது, அதில் நாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இங்கே நாங்கள் சொல்வது ஒன்றுதான். இயந்திரம் வருவதற்குள் நம்மிடம் இருப்பதை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டின் வளைவு, பாலத்தின் அளவு, படம், எல்லாம். ரயில்வேக்கு எழுதலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். மொரப்பூர் ஸ்டேஷன் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். தருமபுரி ஸ்டேஷன் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். நடுவில் இருக்கிற நம்மை இரண்டு பேரும் அடுத்தவரிடம் அனுப்பிவைக்க வசதியான ஏற்பாடு.

கல்லைக்கூட எண்ணிவிடலாம். ஆளை எண்ண முடியாது. அந்த ரயிலில் ஏறிய ஞாபகம் உள்ளவர் யாராவது இன்று இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். ஏறாவிட்டாலும், அப்பா சொன்னார், மாமனார் சொன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் எழுபது எண்பது வயதில் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எது ஏற்றினார்கள், டிக்கெட் எங்கே கொடுத்தார்கள், கட்டைவண்டியோடு போட்டி போட்டுத் தோற்ற ரயில் என்று கேலி பேசுவார்களே, அது நிஜமா. எங்களுக்கு ஒரு சாயங்காலம் கொடுங்கள். போனில் பதிவு செய்கிறோம். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடமாட்டோம். அந்தப் பேச்சில் கிடைக்கிற ஒரு சொல்லைப் புதிரின் கடைசிப் படியாக வைக்கத்தான் இடம் விட்டிருக்கிறோம். அது இன்னும் காலியாக இருக்கிறது.

தீர்மானத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த வாசகம் இரண்டு வரிதான். "நூலகக் கட்டடத்தில் ரயில் வரலாற்றுப் புதிர் டப்பா வைக்கவும், சனி ஞாயிறு காலை 10 முதல் 12 வரை தன்னார்வலர்களைக் கொண்டு நூலகத்தைத் திறக்கவும் இச்சபை ஒப்புதல் அளிக்கிறது. ஓடைக் கல் பாலத்திலிருந்து கற்களை அகற்றுவதில்லை என்றும், வேலை ஏதும் நடப்பதாக இருந்தால் அதற்கு முன் அதை அளந்து படமெடுத்து ஊராட்சிப் பதிவேட்டில் வைப்பது என்றும் முடிவு செய்கிறது." மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்ப்பு இருந்தால் கூட்டத்திலேயே சொல்லுங்கள், அப்புறம் டீக்கடையில் சொல்வதைவிட அது மேல்.

ஒரே ஒரு உதவி மட்டும் கூட்டத்துக்கு முன்பே வேண்டும். நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாங்கள் கேட்ட ஒவ்வொருவரும் இன்னொருவர் பெயரைச் சொல்கிறார்கள். வைத்திருப்பவர் தயவுசெய்து ஊராட்சி செயலரிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை வருஷமாக வைத்திருந்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
ரயில் மேட்டுத் தெருப் பிள்ளைகள்